‘அளவோடு உண்டால் அபின் கேடில்லை’ என்று முதலில் சொன்னவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மூன்று வாரங்களுக்கு முன் வெளிவந்த பாரம்பரிய மருந்துகள் குறித்த கட்டுரையையும், அதை வரவேற்று வாசகர்கள் எழுதியிருந்த கடிதங்களையும் படித்தேன். சுக்கு, மிளகு, கடுக்காய் பற்றி அந்தக் கட்டுரை சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவற்றோடு ஒரே வரிசையில் அபினையும் வைத்து, கடுகளவு அபினை அன்றாடம் உட்கொண்ட பழைய தலைமுறையினர் திடமாக வாழ்ந்தார்கள் என்றும், அளவோடு உண்டால் அபினால் கேடில்லை என்றும், கேடெல்லாம் ஹெராயின் வந்த பிறகு வந்ததே என்றும், அளவை மறந்து புகைத்ததனால்தான் சீனர்கள் அந்நியரிடம் தோற்றார்கள் என்றும் எழுதப்பட்டிருந்ததைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. கடிதம் நீண்டிருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் அரசு மருத்துவமனைகளில் 33 ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். அபினிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மார்ஃபின் வைத்திருந்த இரட்டைப் பூட்டு அலமாரியின் சாவி பல ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தது. ஓர் ஊசிக்குப்பி கை தவறி உடைந்தாலும், அதன் கண்ணாடித் துண்டுகளைத் தாளில் மடித்து வைத்துக்கொண்டு, மருத்துவரை அழைத்துக் காட்டி, பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போவேன். ‘அளவு’ என்பது எனக்குத் தொழில் சொல். அபினைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லை எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் என்னை முதலில் வருத்தியது.

அபின் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நாம் குருமாவுக்கும் பாயசத்துக்கும் அரைத்து ஊற்றும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் முற்றாத காயிலிருந்துதான் அபின் எடுக்கிறார்கள். பிற்பகலில் காயின் தோலை மட்டும் மெல்லக் கீறிவிட்டால் வெண்மையான பால் கசிந்து, இரவெல்லாம் காற்றுப்பட்டுப் பழுப்பேறி இறுகும். மறுநாள் காலையில் அதை இரும்புக் கரண்டியால் வழித்தெடுப்பார்கள். அந்தப் பிசினில் மார்ஃபின், கோடீன், தீபெயின், பாபாவெரின், நாஸ்கபின் எனப் பல வேதிப்பொருள்கள் உள்ளன. (முற்றிய விதையில் இவை பெயரளவுக்குத்தான் ஒட்டியிருக்கும் என்பதால் கசகசாவைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் அந்த விதைக்கே தடை உண்டு. மகனைப் பார்க்கப் போகும் தாய்மார்கள் அதைப் பெட்டியில் வைத்துக் கட்டாமல் இருப்பது நல்லது.) அபினின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மார்ஃபின் என்று பொதுவாகச் சொல்வோம். ஆனால் அந்தப் பங்கு விதைக்கும், மண்ணுக்கும், கீறிய நாளுக்கும், பிசினில் மிஞ்சியிருக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறும். கள்ளச்சந்தையில் வரும் அபினில் எடை கூட்டுவதற்காக எதையெதையோ கலப்பார்கள்; 2016-ஆம் ஆண்டில் ஈரானில் அபின் உட்கொண்டவர்கள் பலர் ஈய நஞ்சேறி மருத்துவமனைகளுக்கு வந்ததற்கு அதில் கலந்திருந்த ஈயமே காரணம். ஆகவே ‘கடுகளவு’ என்பது ஒருவர் கையில் கடுகு, இன்னொருவர் கையில் மிளகு, மூன்றாமவர் கையில் சுண்டைக்காய். மூவர் கையிலும் அது ஒரே உருவத்தில் இருந்தாலும்கூட அதற்குள் எத்தனை மில்லிகிராம் மார்ஃபின் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. இதுவரை வெளியில் சொல்லத் தயங்கியதை இப்போது எழுதுகிறேன். 1996-இல் என் அக்காவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றி எலும்புக்குப் பரவியிருந்தது. நான் வேலை பார்த்த மருத்துவமனையில் அப்போது மார்ஃபின் இருப்பில் இல்லை. வேறு ஒரு பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டபோது உரிமம் புதுப்பிக்கப்படவில்லை என்ற பதில் வந்தது. பாராசிட்டமாலும் தூக்க மாத்திரையும் கொடுத்துவிட்டு, இரவு முழுவதும் அவர் முனகுவதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பொறுக்க முடியாமல் ஒரு நாள் அத்தான் எங்கிருந்தோ ஒரு துண்டு அபினை வாங்கி வந்து என் கையில் கொடுத்து, “நீதானே மருந்துக்குப் படிச்சவன், எவ்வளவு கொடுக்கலாம்னு நீயே சொல்லு” என்றார். படித்தவனான எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஒரு மிளகளவு கிள்ளி வெந்நீரில் கரைத்துக் கொடுத்தோம். இரண்டு மணி நேரத்தில் அக்காவின் கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கிப் போயிற்று. மூச்சை எண்ணினால் நிமிடத்துக்கு ஏழு. அதை முறிக்கும் நலாக்சோன் ஊசி அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் கிடையாது. விடியும்வரை தோளைத் தட்டி, பெயர் சொல்லி, “மூச்சை இழு அக்கா, மூச்சை இழு” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். காலையில் கண் விழித்தவர், “நேத்துதான்டா தம்பி வலியில்லாம தூங்கினேன். ஏன்டா எழுப்பினே?” என்று கேட்டார். பத்தொன்பது நாள்களுக்குப் பிறகு வலியோடுதான் போனார்.

அந்த இரவில் நான் கண்டது இரண்டு. அபினுக்குள் இருக்கும் மருந்து உண்மையான மருந்து என்பது ஒன்று. அபின் என்ற பண்டமாக அது கையில் இருக்கும்வரை அதற்கு அளவு என்பதே கிடையாது என்பது மற்றொன்று.

ஒருவர் சரியான அளவைக் கண்டுகொண்டார் என்றே வைத்துக்கொண்டாலும் உடல் அதே அளவில் நிற்பதில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் இந்தப் பொருள் சென்று பொருந்தும் ஏற்பிகள் நாளடைவில் மந்தமாகின்றன. நேற்று கால் குளிகையில் கிடைத்த சுகத்துக்கு இன்று அரைக் குளிகை வேண்டியிருக்கிறது. மயக்கம் தரும் அளவு ஏறிக்கொண்டே போகும் வேகத்தில் மூச்சைத் தாங்கும் திறன் ஏறுவதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி குறுகிக் குறுகி வரும்போதுதான் மரணம் நேர்கிறது. மதுவோ தூக்க மாத்திரையோ உடன் சேர்ந்தால் அது இன்னும் விரைவில் வரும். சில மாதம் விட்டிருந்தவர் மீண்டும் பழைய அளவையே எடுத்து ஒரே நாளில் இறந்துபோவதும் இதனால்தான். மலச்சிக்கல் மட்டும் எத்தனை ஆண்டானாலும் பழகுவதில்லை. ஆண்களுக்கு ஆண்மைச் சுரப்பு குன்றுகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு தவறுகிறது. பழக்கமுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தை, பிறந்த ஓரிரு நாளில் நடுக்கமும் ஓயாத அழுகையுமாக அந்தப் பழக்கத்தின் ஏக்கத்தைத் தானும் அனுபவிக்கிறது. ஒரு வேளை தவறினால் கொட்டாவியும் மூக்கொழுக்கும் மயிர்க்கூச்சும் வயிற்றுப்போக்கும் எலும்புக்குள் குடைச்சலும் வரும் ஒருவரைத் ‘திடமாக வாழ்ந்தார்’ என்று சொல்வது எங்ஙனம்? தாத்தா காலையில் அபின் உருண்டை போட்டுக்கொண்டால் நாள் முழுவதும் ஏர் உழுவார் என்று எழுதிய வாசகர், அந்த உருண்டை கிடைக்காத நாளில் தாத்தா எப்படி இருந்தார் என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருக்கலாம்.

ஈரானின் வடகிழக்கே கோலெஸ்தான் மாகாணத்தில் 2004 முதல் 2008 வரை 50,045 பேரைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அங்கும் அபின் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆய்வில் சேர்ந்தவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் அபின் பழக்கமுள்ளவர்கள். 2012-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, புகையிலை, வயது, வறுமை முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், அபின் பயன்படுத்தியவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.9 மடங்கு இருந்தது. புகைத்தவர்களுக்கு மட்டுமன்றி வாயால் உண்டவர்களுக்கும் அப்படியே. நோய் வந்த பிறகு வலிக்காக அபினைத் தொட்டவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோதும் அந்த வேறுபாடு மறையவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அபின் உட்கொள்வது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று 2020-இல் வகைப்படுத்தி, குரல்வளை, நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களைக் குறிப்பிட்டது. இவை ஹெராயினைப் பற்றிய முடிவுகள் அல்ல. ‘இயற்கையான’ அபினைப் பற்றியவை.

அப்படியானால், அளவோடு உண்டால் கேடில்லை என்ற வாசகம் நம் காதுக்கு இவ்வளவு பழகியதாக ஒலிப்பது ஏன்? அது நம் பாட்டி வைத்தியத்திலிருந்து மட்டும் வந்ததன்று. அதற்கு அச்சிட்ட வரலாறு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் அபின் வணிகத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியைச் சமாளிக்க 1893-இல் அமைக்கப்பட்ட அபின் பற்றிய அரச விசாரணைக் குழு, பிராஸி பிரபுவின் தலைமையில் இந்தியாவெங்கும் சுற்றி 700-க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1895-இல் தன் அறிக்கையை அளித்தது. சாட்சி சொன்னவர்களில் அரசு அதிகாரிகளும் அரசு மருத்துவர்களும் மிகப் பலர். இந்தியர்கள் அபினைப் பெரும்பாலும் அளவோடு உண்கிறார்கள், அது இங்கிலாந்தில் அளவோடு மது அருந்துவதைப் போன்றதே, தடை தேவையில்லை என்பதுதான் குழுவின் முடிவு. மலேரியாக் காய்ச்சலைத் தடுக்கும் என்றுகூடச் சாட்சிகள் சொன்னார்கள். அபின் காய்ச்சலின் நடுக்கத்தையும் உடல்வலியையும் மறைத்ததேயன்றிக் காய்ச்சலின் கிருமியைத் தொடவில்லை. குழுவில் இருந்த ஹென்றி வில்சன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மட்டும், விசாரணை நடந்த முறையையே கண்டித்து மாறுபட்ட குறிப்பை எழுதினார். அந்தக் குழு விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில் பம்பாய் மில்களுக்குப் போன தாய்மார்கள், கைக்குழந்தை அழாமல் கிடக்க ‘பாலகோலி’ என்ற அபின் குளிகையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் குழந்தைகளுக்கு யார் அளவு பார்த்தார்கள்?

அந்த முடிவு யாருக்குத் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள நூறாண்டுக்கும் மேல் பின்னோக்கிப் போக வேண்டும். 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்து அபினைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமை ஆக்கினார். பாட்னா, காசி வட்டாரத்து உழவர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடியைப் பயிரிட வைத்து, விளைந்த பாலைக் கம்பெனி குறித்த விலைக்கே வாங்கிக்கொண்டார்கள். வேறு யாருக்கும் விற்பது குற்றம். பாட்னாவிலும் காசிப்பூரிலும் இருந்த ஆலைகளில் அதைப் பந்துகளாக உருட்டி, அதே செடியின் உலர்ந்த பூவிதழ்களால் ஓடு கட்டி, 40 பந்துகளை ஒரு மரப்பெட்டியில் அடுக்கினார்கள். ஒரு பெட்டியின் எடை ஏறத்தாழ 63 கிலோ. கல்கத்தாவில் ஏலம். ஏலம் எடுத்தவர்கள் தனியார் வணிகர்கள். சீனத்தில் அபின் விற்பனைக்கு 1729 முதலே தடை இருந்ததால், கம்பெனி அதைத் தன் சொந்தக் கப்பல்களில் ஏற்றுவதைத் தவிர்த்தது. விளைவிப்பதும், காய்ச்சுவதும், ஏலம் விடுவதும், பணம் பெறுவதும் கம்பெனி. கடத்துவது மட்டும் வேறொருவர். பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக மத்திய இந்தியாவின் மாளவத்து அபினும் போனது. அந்த வணிகத்தில் பொருள் சேர்த்தவர்களில் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்ற இந்திய வணிகர்களும் உண்டு என்பதை நாம் மறைக்கக் கூடாது.

இதெல்லாம் தேயிலைக்காக. சீனத் தேயிலை இல்லாமல் ஆங்கிலேயருக்குப் பொழுது விடியாது என்ற நிலை வந்துவிட்டது. சீனரோ ஆங்கிலேயரின் சரக்குகளை விரும்பவில்லை, வெள்ளியையே கேட்டார்கள். வெள்ளிக்குப் பதில் கொடுக்க அபின் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 பெட்டியாக இருந்த சரக்கு, 1839 வாக்கில் 40,000 பெட்டியை நெருங்கியது. வெள்ளி இப்போது சீனத்திலிருந்து வெளியே ஓடிற்று. நாற்பதே ஆண்டில் பத்து மடங்காக ஏறிய இந்தச் சரக்கின் முன்னால், சீனர்கள் அளவை மறந்தார்கள் என்று எழுதுவது அறமாகாது. அளவைக் கூட்டியவர்கள் வேறு.

சீனப் பேரரசர் தாவோகுவாங் அனுப்பிய சிறப்பு ஆணையர் லின் சேஷூ, 1839 மார்ச்சில் தென்சீனத் துறைமுகமான கான்டன் நகருக்கு வந்தார். அவரைப் பற்றி இரண்டு செய்திகள் என் மனத்தை விட்டு நீங்காதவை. பழக்கத்திற்கு அடிமையானவர்களை மீட்க மருந்து உண்டா என்று கேட்டு, அந்நகரில் மருத்துவமனை நடத்திய பீட்டர் பார்க்கர் என்ற அமெரிக்க மருத்துவரிடம் அவர் ஆள் அனுப்பினார். தண்டிக்க மட்டும் வந்தவர் அல்லர் அவர். மற்றொன்று, பறிமுதல் செய்த 20,283 பெட்டி அபினை ஹூமென் கரையில் அழிப்பதற்கு முன், இந்த நஞ்சு கலக்கப்போவதால் நீர்வாழ் உயிர்கள் சிறிது காலம் விலகிச் செல்லட்டும் என்று கடல் தெய்வத்துக்கு வேண்டுதல் எழுதி வழிபட்டார். ஜூன் 3-ஆம் நாள் தொடங்கி மூன்று வாரங்களுக்கு மேலாக, வெட்டிய குளங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்து அபினைக் கரைத்துக் கடலில் விட்டார்கள். விக்டோரியா அரசிக்கு அவர் எழுதிய கடிதத்தில், உங்கள் நாட்டில் விற்கத் துணியாததை எங்கள் நாட்டில் விற்பது எந்த நியாயம் என்ற பொருளில் கேட்டிருந்தார். பாவம், அவர் கேள்விப்பட்டது தவறு. இங்கிலாந்திலும் அபின் கரைசல் 1868 வரை கட்டுப்பாடின்றிக் கடைகளில் கிடைத்தது. ஆலைத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளுக்கு அங்கும் அதைத்தான் புகட்டினார்கள்.

அந்த 20,283 பெட்டிக்காகப் போர் வந்தது. 1840 ஏப்ரலில் அப்போது இளம் உறுப்பினராக இருந்த, பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டன், இதைவிட அநியாயமான காரணத்துக்காகத் தொடங்கிய போரைத் தாம் அறிந்ததில்லை என்று நாடாளுமன்றத்தில் பேசினார். அவருடைய சகோதரி ஹெலன் அபின் கரைசலின் பிடியில் வாடியவர். அரசைக் கண்டித்த தீர்மானம் 271-க்கு 262 என்ற கணக்கில், ஒன்பதே வாக்கு வேறுபாட்டில் தோற்றது.

இந்தப் போர் சீனருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே எங்கோ நடந்தது என்றே நம்மில் பலர் படித்திருக்கிறோம். அபின் விளைந்தது நம் நாட்டு மண்ணில். போரிடப் போனவர்களில் கணிசமானோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். சென்னை மாகாணத்துப் படைகளிலிருந்து, தமிழும் தெலுங்கும் உருதும் பேசிய சிப்பாய்கள் பலர் கப்பலேறினார்கள். 1841 மே மாத இறுதியில் கான்டனுக்கு வடக்கே சான்யுவான்லி என்ற ஊர்ப்புறத்தில், 37-ஆவது மெட்ராஸ் காலாட்படையைச் சேர்ந்த ஒரு பிரிவு இடிமழையில் வழி தவறிப் பிரிந்துபோயிற்று. அவர்களிடம் இருந்த பழைய சக்கிமுக்கித் துப்பாக்கிகளின் மருந்து நனைந்து வெடிக்கவில்லை. ஈட்டியும் மண்வெட்டியும் ஏந்திய ஆயிரக்கணக்கான கிராமத்தவர் சூழ்ந்துகொள்ள, சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி முனை ஈட்டிகளை நீட்டிக்கொண்டு, மழையில் நெடுநேரம் நின்றார்கள். மழையிலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கி வைத்திருந்த ஆங்கிலக் கடற்படை வீரர்கள் வந்த பிறகே மீண்டார்கள். சீனர்கள் அந்த ஊரில் இன்றும் அந்நாளை நினைவுகூர்கிறார்கள். அந்நியரை எதிர்த்து எளிய மக்கள் எழுந்த நாள் என்று பாடநூலில் படிக்கிறார்கள். எதிர்ப்புறத்தில் நனைந்து நின்றவர்கள் யார் பிள்ளைகள், எதற்காக அங்கே நின்றார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை.

1842 ஆகஸ்டில் கையெழுத்தான நான்கிங் உடன்படிக்கையால் ஹாங்காங் பறிபோயிற்று. ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் தண்டம், அதில் 60 லட்சம் அழிக்கப்பட்ட அபினுக்கு விலை. இரண்டாவது போர் 1856 முதல் 1860 வரை நடந்தது. அதன் நடுவே 1858-இல் அபினுக்குச் சுங்கம் விதிக்கப்பட்டு இறக்குமதி சட்டபூர்வம் ஆயிற்று. நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டிஷ் இந்திய அரசின் வருவாயில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அபினிலிருந்து வந்தது. 1895-இன் அறிக்கை பாதுகாத்தது எதை என்பது இப்போது விளங்கும் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டிலும் மோதல் நடக்காமல் இல்லை. அஸ்ஸாமில் உழவர்கள் தாங்களே கசகசாச் செடி பயிரிடுவதை 1860-இல் அரசு தடை செய்தது. பழக்கத்தை ஒழிப்பது நோக்கம் என்றால் அதை வரவேற்கலாம். ஆனால் அரசு தன் கிடங்கிலிருந்து அபினை விற்பதை நிறுத்தவில்லை. அதனோடு வெற்றிலை பாக்குக்கும் வரி வரும் என்ற செய்தி பரவ, 1861 அக்டோபரில் நவ்காவ் அருகே புலகுரியில் உழவர்கள் திரண்டார்கள். சிங்கர் என்ற ஆங்கில அதிகாரி கொல்லப்பட்டார். பதிலுக்குப் போலீஸ் சுட்டதில் பலர் மாண்டார்கள். 1921-இல் காந்தியடிகள் அஸ்ஸாமுக்குச் சென்றபோது அங்கு அபின் எதிர்ப்பு சுதந்திரப் போராட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆகியிருந்தது. 1909-இல் ஷாங்காயில் 13 நாடுகள் கூடிப் பேசியதும், 1912-இல் ஹேக் உடன்படிக்கை உருவானதும், 1913-இல் இந்தியாவிலிருந்து சீனத்துக்கு அபின் ஏற்றுமதி நின்றதும் தனிக் கட்டுரைக்குரியவை.

கேடெல்லாம் ஹெராயினுக்குப் பிறகு என்ற கருத்துக்கும் வருகிறேன். அபின் பழக்கத்தை மாற்ற மார்ஃபின் நல்லது என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது; சீனத்தில் மிஷனரிகள் கொடுத்த மார்ஃபின் கலந்த மாத்திரைகளை மக்கள் ‘இயேசு அபின்’ என்றே அழைத்தார்கள். பிறகு 1898-இல் பேயர் என்ற ஜெர்மன் நிறுவனம், மார்ஃபினிலிருந்து செய்யப்படும் ஹெராயினை இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் முந்தையதற்குத்தான் கேடு உண்டு, இது பாதுகாப்பானது என்ற உறுதிமொழி கூடவே வந்தது. இப்போது நாம் அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பி, பிந்தையதற்குத்தான் கேடு, பழையது பாதுகாப்பானது என்கிறோம்.

இதையெல்லாம் படிக்கும் ஒருவர் மார்ஃபினைக் கண்டும் அஞ்சிவிடக் கூடாது என்பதனால் இதையும் எழுதியாக வேண்டும். புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் உள்ளது. பத்து மில்லிகிராம் மாத்திரையில் பத்து மில்லிகிராமே இருக்கும். நான்கு மணிக்கொரு முறை சிறிய அளவில் தொடங்கி, நோயாளியின் வலியைக் கேட்டுக் கேட்டு மருத்துவர் கூட்டுவார். மலச்சிக்கலுக்கு முதல் நாளிலேயே மருந்து சேர்ப்பார். 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையான தண்டனைகளுக்கும் உரிமங்களுக்கும் அஞ்சி மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் இதை வாங்குவதையே விட்டுவிட்டதால், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் மார்ஃபினின் மருத்துவப் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. என் அக்கா அந்தப் பன்னிரண்டு ஆண்டுக்குள் நோயுற்றவர். 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி தணிப்பு இயக்கமும், டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்களின் பல்லாண்டு முயற்சியும் சேர்ந்து 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பல துறைகளிடம் பல உரிமம் வாங்க வேண்டிய நிலை மாறி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களுக்கு வழி எளிதாயிற்று. ஆயினும் பல ஊர்களில் அச்சம் இன்னும் போகவில்லை என்பதை ஓய்வுபெற்ற பின்னும் என்னைத் தேடி வருபவர்களிடமிருந்து அறிகிறேன். சட்டபூர்வமாக அபின் பாலை எடுத்து ஏற்றுமதி செய்யும் நாடு நம் நாடு. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் வட்டாரங்களிலும் ராஜஸ்தானின் சித்தோர்கர் வட்டாரத்திலும் உரிமம் பெற்ற உழவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காய் கீறுகிறார்கள். 1820-இல் கம்பெனி நிறுவிய காசிப்பூர் ஆலை இன்று அரசு ஆலையாக மருந்துக்கான வேதிப்பொருள்களைப் பிரித்தெடுக்கிறது.

பழக்கத்தில் விழுந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. பியூப்ரெனார்ஃபின், மெத்தடோன் ஆகிய மாற்று மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பில் ஒழுங்காகக் கொடுத்தால் அவர்கள் வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்புகிறார்கள். வீட்டில் கட்டிப்போட்டு ஒரே நாளில் நிறுத்தச் செய்வதும், மானக்கேடு என்று மறைப்பதும் அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம். லின் சேஷூ 1839-இல் தேடிக் கிடைக்காத மருந்து நம் காலத்தில் கிடைக்கிறது.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஞாயிறு இணைப்பில் அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அபின் அளவோடு உண்டாலும் உடலுக்குக் கேடு விளைவிப்பது, அதை வைத்திருப்பதும் உண்பதும் சட்டப்படி குற்றம் என்ற திருத்தத்தை வெளியிடுங்கள். குழந்தைக்குத் தூக்கம் வர, முதியவர் மூட்டுவலி தீர என்று யாரேனும் அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கக்கூடும். மற்றது, நம் மாவட்டத்திலுள்ள ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் வாய்வழி மார்ஃபின் இருப்பில் உள்ளதா, எழுதிக் கொடுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்கிறாரா என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் நேரில் சென்று கேட்டு, மருத்துவமனை வாரியாக வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கப் பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்த ஒருவர் துணை வேண்டுமென்றால் நான் வரச் சித்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.